பொடியன் வரட்டும்

அன்றைக்கு மேல்வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். வீட்டுக்காரர் அங்கிள், அவருடைய மனைவி அன்ரி, கீழே பேஸ்மென்றிலிருந்து ஒரு கிண்ணத்தில் சம்பல் கொண்டுபோன என் அம்மா. இல்லாதவர்களையும் சொல்லிவிட வேண்டும். அப்பா பேக்கரியில் வேலையில் நின்றார். தங்கச்சி கம்பஸுக்குப் போய்விட்டாள். அங்கிளின் ஒரே மகன் வேறு மாகாணத்தில், கல்கரியில் இருந்தான். நான் நகரத்துக்கு மேற்கே மிசிசாகாவில் ஒரு வெள்ளை வான் வண்டிக்குள், டயலிசிஸுக்குப் போகும் ஒரு முதியவரின் தலைமாட்டில் இருந்தேன். மேலே இருந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தது எனக்காக.

அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதற்கும் முன்னால் நின்றவர். ஊர் ஊராக இடம்பெயர்ந்த காலத்தில் பள்ளிக்கூடம் என்பது அம்மாவுக்கு மற்றவர்களோடு படுத்துக் கிடந்த ஒரு கட்டடம், அவ்வளவுதான். எங்கள் இரண்டு பக்கத்திலும் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் சிறுவயதிலிருந்தே வீட்டுக்கு வரும் தாள்களையெல்லாம் நான்தான் வாசித்தேன். மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பது, வங்கி அனுப்புவது, கதவில் யாரோ சொருகிவிட்டுப் போவது, எல்லாம். "பொடியன் வரட்டும்" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஹீற்றர் நின்றுவிட்டதா, பொடியன் வரட்டும். கதவை யாரும் தட்டினார்களா, திறக்காதே, பொடியன் வரட்டும். நாங்கள் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் வோபர்னில் இந்த வீட்டின் பேஸ்மென்றுக்கு வந்த பிறகு மேல்வீட்டுக்கும் அதே சட்டம் ஏறிவிட்டது.

சின்ன வயதில் அது எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அந்த இரண்டு சொற்களையும் கேட்கவே பயப்படத் தொடங்கினேன். பொடியன் வர முடியாத ஒரு நாள் எங்கேயோ முன்னால் இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பரமெடிக் படிப்புக்கு இடம் கிடைத்ததை நான் முதலில் சொன்னது அங்கிளிடம்தான். அவர் வாசலில் பனிக்கு உப்புத் தூவிக்கொண்டு நின்றார்.

"என்னடா அது?"

"அம்புலன்சில வாற வேலை, அங்கிள்."

"அதுக்கு முதல் சிவப்பு வண்டியெல்லோ வாறது? நெருப்பு வண்டி. ஏறினால் அதில ஏறு. முதல் வாறவனுக்குத்தான் மரியாதை. பின்னால வாறவன் பாய் சுருட்டுறவன்."

"ரெண்டும் வேற வேற வேலை அங்கிள்."

"நெருப்புக்காரனுக்கு முதலுதவி தெரியுமோ?"

"தெரியும்."

"உனக்கு நெருப்பு அணைக்கத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப ஆர் கெட்டிக்காரன்?" என்று கேட்டுவிட்டு, உப்பு வாளியை என் கையில் தந்து, "இந்தா, அதுவரைக்கும் இதையாவது தூவு" என்றார்.

அங்கிளின் பேச்சு எப்போதும் அப்படித்தான். வாய் ஓயாத மனிதர். கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும் வரிசையிலும் முன்னாலும் பின்னாலும் நிற்பவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். அவருடைய நண்பர் ஒருவரின் மகன் தீயணைப்புப் படையில் சேர்ந்தபோது கோயிலில் அவனுக்கு மாலை போட்டார்களாம். அதை எனக்கும் அப்பாவுக்கும் மாதம் ஒருமுறையாவது சொல்லுவார். அப்பாவும் அதை நம்பத் தொடங்கினார். "தம்பி, ஆபத்துக்குப் போற வேலை எண்டால் நெருப்பு வேலைதானே. பென்சனும் இருக்காம். அதில சேராமல் இதில மட்டும் எப்பிடிச் சேரலாம்?"

நான் ஒருமுறை தீயணைப்புப் படையின் அறிமுகக் கூட்டத்துக்கும் போனேன். ஏணியில் ஏறிப் பார்க்க விட்டார்கள். பாதியில் இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கீழே இறங்கியதும் அங்கே நின்ற அதிகாரி தோளில் தட்டி, நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் சில ஊர்களில் தீயணைப்பு வீரராக இருந்தால்தான் பரமெடிக் ஆகலாம், இங்கே அப்படியில்லை, உன் வழி வேறு கட்டடத்தில் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கே அப்பாவுக்கு அதை விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டினார். அடுத்த வாரம் ஃபோனில் யாரிடமோ, "மகன் நெருப்பு அணைக்கப் படிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடப் படிப்பு முடிந்தது. மாகாணப் பரீட்சை எழுதினேன். அம்புலன்ஸ் ஓட்டுவதற்கென்று தனியாக எடுக்க வேண்டிய லைசன்சும் எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, படித்து முடித்தவனுக்கும் அம்புலன்சுக்கும் நடுவில் நீண்ட வரிசை நிற்கிறது என்று. நகரத்துச் சேவைக்கு விண்ணப்பித்தேன். வடக்கே, கிழக்கே, ஏரியோரத்துச் சின்ன ஊர்களுக்கெல்லாம் விண்ணப்பித்தேன். எழுத்துப் பரீட்சை, பாரம் தூக்கும் பரீட்சை, நேர்முகம், பிறகு மௌனம். ஒவ்வொரு நேர்முகத்திலும் யாராவது ஒருவர் அன்பாகவே கேட்பார், தீயணைப்புக்கும் போட்டு வைத்திருக்கிறாயா என்று. இல்லை என்பேன். அவர் எதையோ குறித்துக்கொள்ளுவார்.

அந்த இடைக்காலத்தில்தான் நோயாளிகளை ஏற்றி இறக்கும் ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்தேன். வெள்ளை வான். உள்ளே ஸ்ட்ரெச்சர், ஒட்சிசன். வெளியே சைரன் கிடையாது, விளக்கும் கிடையாது. நடக்க முடியாதவர்களை வீட்டிலிருந்து டயலிசிஸுக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். அவசரம் வந்தால் நாங்களும் 911ஐத்தான் கூப்பிட வேண்டும். நோயாளி உள்ளே இருக்கும்வரை சொந்த ஃபோன் முன்பெட்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி.

எங்கள் தெருவுக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. வான் வெள்ளை, சட்டையில் பட்டி, ஆகவே நான் அம்புலன்ஸ். அங்கிள் எனக்கு வைத்த பெயரே "அம்புலன்ஸ் தம்பி". வெக்ஸ்போர்டில் இருக்கும் அம்மாவின் சிநேகிதிகள்கூடக் கூப்பிடத் தொடங்கினார்கள். பிள்ளை காசை விழுங்கிவிட்டது, மாமியாருக்குப் பிரஷர் ஏறிவிட்டது, மச்சானுக்கு நெஞ்சு எரிகிறது. நான் ஒவ்வொருவருக்கும் ஒன்றையே சொன்னேன்.

"அன்ரி, நைன் வன் வன்னுக்கு அடியுங்கோ."

"அது அடிக்கலாம். நீ ஒருக்கா வந்து பாத்திட்டுச் சொல்லன்."

ஒவ்வொரு முறையும் அது ஒன்றுமில்லாததாக முடிந்தது. அதுதான் எனக்குப் பயம். ஒன்றுமில்லாமல் முடிந்த ஒவ்வொன்றும் அடுத்த முறைக்கும் என்னையே கூப்பிடச் சொல்லிக் கொடுத்தது.

பாரம் தூக்கும் பரீட்சை ஒன்றுக்கு முன்னால் நான் பேஸ்மென்ற் படியில் பழகினேன். ஒருவரை நாற்காலியில் இருத்திக் கட்டி, இரண்டு பேர் முன்னும் பின்னும் பிடித்துப் படியேற்ற வேண்டும். யாரை இருத்துவது? அங்கிள் தானாகவே இறங்கி வந்து சமையலறைக் கதிரையில் இருந்தார். நான் கால்மாட்டில், அப்பா தலைமாட்டில்.

"சுவாமி தூக்கிற மாதிரித் தூக்குங்கோடா. குலுங்கினால் வரம் தர மாட்டன்."

"அங்கிள், சிரிக்காதேங்கோ, பாரம் கூடுது."

"சிரிச்சால் பாரம் கூடுமோ? இதோ உன்ர படிப்பு!" என்று அவர் இன்னும் சிரித்தார். அன்ரி மேற்படியில் நின்று, "விழுத்திப் போடாதேங்கோ, இந்தக் கிழவனுக்கு மாத்துக் கிழவன் கிடையாது" என்றார். அம்மா நாலு விரலால் வாயை மூடிச் சிரித்தார். அந்தக் குறுகிய படியில், தலைக்கு மேலே கைபடும் உயரத்தில் கூரை. திருப்பத்தில் கதிரையின் கால் சுவரில் உரசிய கோடு பிறகும் அழியவில்லை.

அந்தப் படிதான் எங்கள் வீட்டுக்கு ஒரே வழி. உள்ளே வரவும் அதுதான், வெளியே போகவும் அதுதான். சட்டப்படி ஒரு பேஸ்மென்றில் குடியிருத்த இன்னொரு வெளிவழி வேண்டும், ஆள் நுழையும் அளவில் ஒரு யன்னலாவது வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒரு பூனை நுழையும் யன்னல். அங்கிளும் அன்ரியும் கெட்டவர்கள் இல்லை. வாடகையைக் குறைத்தே வாங்கினார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான்: யாரும் கேட்டால் நாங்கள் சொந்தக்காரர், கொஞ்ச நாளைக்கு வந்து தங்கியிருக்கிறோம்.

முந்தைய குளிர்காலத்தில் மூன்று வீடு தள்ளி ஒருவர் மூச்சுத் திணறி விழுந்தார். முதலில் வந்தது நெருப்பு வண்டி. கனத்த சப்பாத்துகளோடு நாலு பேர் இறங்கி வீட்டுக்குள் போனார்கள். சில கிழமைகள் கழித்து நகரசபையிலிருந்து ஒருவர் அந்த வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அங்கே பேஸ்மென்றில் இருந்த இளம் தம்பதி ஒரு சனிக்கிழமை சாமான்களோடு தெருவில் நின்றார்கள். நெருப்புக்காரர்தான் நகரசபைக்குக் காட்டிக்கொடுத்தார்கள் என்று தெரு முழுக்கக் கதை. உண்மை யாருக்கும் தெரியாது. அன்ரி அந்தச் சனிக்கிழமையை மறக்கவே இல்லை. அம்மாவும் மறக்கவில்லை. தெருவில் கிடந்த மெத்தையில் மழை பெய்ததை அம்மா அடிக்கடி சொல்லுவார்.

எங்கள் புகை அலாரத்தைக்கூட அங்கிள் ஒருமுறை கழற்றிவிட்டார். அம்மா மிளகாய் வறுத்தால் அது கத்துகிறதாம். நான் திரும்பப் பற்றரி போட்டேன். "நெருப்பு வேலை வேண்டாமெண்டவனுக்கு அலாரத்தில என்னடா பாசம்?" என்று கேட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அது நடப்பதற்கு முந்தைய வாரம் அங்கிள் சாதாரணமாக ஒன்றைச் சொன்னார். காலையில் பல்லுத் தீட்டும்போது வலது கை விறைத்துப்போய்ப் பிரஷ் விழுந்துவிட்டதாம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டதாம்.

"அங்கிள், இது அறிவிப்பு. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவம். நான் கூட்டிக்கொண்டு போறன்."

"பிரஷ் விழுந்ததுக்கு ஆஸ்பத்திரியோ? போத்தல் விழுந்தால் சொல்லுறன்."

"பகிடி இல்லை அங்கிள்."

"வாற கிழமை வெள்ளிக்கிழமை டொக்டரிட்டை அப்பொயின்ற்மென்ற் இருக்கு. அவரிட்டை சொல்லுறன். சரியோ?"

நான் விடவில்லை. அங்கிள், அன்ரி, அம்மா மூன்று பேரையும் மேல்வீட்டுச் சமையலறை மேசையடியில் இருத்தி வைத்துச் சொன்னேன். சிரிக்கச் சொல்லுங்கோ, வாய் ஒரு பக்கம் இழுக்குதா பாருங்கோ. இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கோ, ஒன்று விழுதா பாருங்கோ. பெயரைச் சொல்லச் சொல்லுங்கோ. மூன்றில் ஒன்று பிழையாக இருந்தாலும் எனக்கு அடிக்க வேண்டாம், நைன் வன் வன்னுக்கு அடியுங்கோ. மூளைக்குப் போகும் இரத்தம் அடைத்தால் அதைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது. சில மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், பிந்தினால் போட முடியாது.

அம்மா கவனமாகக் கேட்டார். என்னைக்கொண்டு இரண்டு தரம் சொல்ல வைத்தார். அன்ரி ஒன்றைத்தான் கேட்டார்.

"அடிச்சால் நெருப்பு வண்டி வருமோ?"

"எல்லாத்துக்கும் வராது அன்ரி. சிலதுக்கு வரும்."

"இதுக்கு?"

எந்த அழைப்புக்கு யாரை அனுப்புவது என்பதை அழைப்பை எடுப்பவர்கள் கேட்டுக் கேட்டு முடிவு செய்கிறார்கள். வரவே வராது என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. "தெரியாது அன்ரி" என்றேன். அன்ரி தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் புதன்கிழமை வந்தது.

நடந்ததை அம்மா பிறகு எனக்குப் பல தரம் சொன்னார். ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரியாகத்தான் சொன்னார். காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு மேலே கோப்பை விழுந்து உடையும் சத்தம் கேட்டதாம். அம்மா சம்பல் கிண்ணத்தோடு ஏறிப் போனபோது அங்கிள் சோபாவில் சரிந்திருந்தார். இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டதென்று அன்ரி சீனித் தண்ணி பருக்கிக்கொண்டிருந்தார். தண்ணி வாயின் ஒரு பக்கத்தால் வழிந்து சட்டையை நனைத்தது.

"அண்ணை, ஒருக்காச் சிரியுங்கோ" என்றார் அம்மா.

அங்கிள் சிரித்தார். கேட்காமலே ஊரைச் சிரிக்க வைக்கிற அந்த முகத்தில் பாதிதான் சிரித்தது.

"அக்கா, இது தம்பி சொன்னதுதான். அடிப்பம்."

"பொறு பிள்ளை. பொடியனுக்கு எடுத்தனான். அவன் வந்து பாக்கட்டும்."

"தம்பி தனக்கு அடிக்க வேண்டாமெண்டு சொன்னவனக்கா."

"உனக்கென்ன விசரோ? அவங்கள் சப்பாத்தோட வந்து வீடு முழுக்கப் பாப்பாங்கள். பிறகு நீயும் உன்ர பிள்ளையளும் எங்க போவியள்? நான் உனக்காகவும்தான் சொல்லுறன்."

வீடு அவர்களுடையது. ஃபோன் அவர்களுடையது. விழுந்து கிடப்பவரும் அவர்களுடையவர். அம்மாவின் ஃபோன் கீழே சார்ஜில் கிடந்தது. படியிறங்கிப் போய் அதில் எனக்கு எடுத்தார். எனக்குத்தான் எடுத்தார். அந்த மூன்று இலக்கங்களையும் அழுத்தத் தெரிந்த கை, பழகிய இலக்கத்துக்கே போயிருக்கிறது. என் ஃபோன் வானின் முன்பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

அங்கிளுக்கு நித்திரை வந்தது. நித்திரை நல்லதென்று விட்டார்கள். இடையில் பெரிய வீதியில் ஒரு சைரன் கேட்டதாம். அன்ரி ஓடிப்போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினார். சத்தம் கிட்ட வந்து, பெருத்து, வேறெங்கோ போனது. "பாத்தியா, வந்தால் இப்பிடித்தான் ஊரைக் கூட்டும்" என்றார் அன்ரி. அங்கிள் மூச்சுவிடும்போது ஒரு கன்னம் மட்டும் பை மாதிரி உப்பி உப்பி இறங்கியது. இரண்டு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள்.

மிசிசாகாவில் எங்கள் முதியவரை இறக்கிவிட்டு, அடுத்தவரை ஏற்றி, அவரையும் வீட்டில் விட்டு நான் முன்பெட்டியைத் திறந்தபோது மத்தியானம் கழிந்திருந்தது. திரை முழுக்க வீட்டு இலக்கங்கள். எதற்கென்று கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, அங்கிளுக்கு வாய் இழுத்திட்டுது" என்றார் அம்மா.

"அம்மா, அடிச்சாச்சோ?"

"நீ வருவாயெண்டு..."

"இப்ப அடியுங்கோ! இந்த ஃபோனை வையுங்கோ, அடியுங்கோ!"

நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கி வந்தேன். வண்டிகள் நகரவில்லை. என் வானில் விளக்கும் இல்லை, சைரனும் இல்லை. முன்னால் நின்ற யாருக்கும் எனக்கு வழிவிட ஒரு காரணமும் இல்லை.

நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கூப்பிட்டவுடனே வந்துவிட்டார்களாம், ஒரு பெண்ணும் ஒரு ஆணும். அங்கிளை நாற்காலியில் இருத்திக் கட்டி, வாசல் படியால் குலுங்காமல் இறக்கினார்களாம். "நீ அப்பாவோட தூக்கின மாதிரியே" என்றார் அம்மா. அதற்கு முன்னால் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: கடைசியாக இவர் நன்றாக இருந்தது எப்போது?

அன்ரி உடனே, "ஜஸ்ட் நவ்" என்றார். வெட்கமா, பயமா தெரியாது. நேரம் போனதை ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஊசியைப் பற்றி நான் சொன்னதை அம்மா மறக்கவில்லை. வீட்டுக்காரி பக்கத்தில் நிற்க, இரவல் வீட்டில் இருக்கிற அம்மா, முன்பு வேலை செய்த பக்டரியில் பொறுக்கிய இங்கிலிஷில், "நோ. மோர்னிங். ரீ ரைம். ஐ சீ" என்று காலைத் தேத்தண்ணி நேரத்தைச் சொன்னார். அந்தப் பெண் அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்த நேரத்தையே ஆஸ்பத்திரிக்குச் சொன்னாராம்.

ஊசி போடவில்லை. பிந்திப் போட்டால் மூளைக்குள் இரத்தம் கசிந்து ஆளே போகலாம் என்று டொக்டர் சொன்னார். குழாய் விட்டு இரத்தக் கட்டியை எடுக்கப் பார்த்தார்கள். பாதிதான் சரிவந்தது. ஆஸ்பத்திரி நடையில் அன்ரி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நீ வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால் அவருக்கு அந்த ஊசி போட்டிருப்பினம்."

"அன்ரி, போட்டிருந்தால் அவர் இல்லாமல் போயிருக்கலாம். அம்மா சொன்னதுதான் சரி" என்றேன் நான்.

"உனக்கென்னடா தெரியும்? நீ வரயில்லைத்தானே."

நான் அம்மாவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கிள் பிழைத்தார். வலது கையும் காலும் போயின. பேச்சு போனது. எல்லாச் சொற்களும் போய் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "ஓம்." நோகுதோ என்றால் ஓம். நோகேல்லையோ என்றாலும் ஓம். நான் கட்டிலின் பக்கத்தில் குனிந்து, "அங்கிள், நெருப்பு வண்டியில ஏறட்டோ?" என்று கேட்டேன். அவருடைய கண் இரண்டும் முழுதாக விளங்கிக்கொண்டன. "ஓம்" என்றார். பாதி முகம் சிரித்தது.

கல்கரியிலிருந்து மகன் வந்தான். என் வயதுதான். வீட்டை விற்று அங்கிளையும் அன்ரியையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னான். வாங்க வருகிறவர்கள் பேஸ்மென்றைக் காலியாகப் பார்க்க விரும்புவார்களாம். மரியாதையாகத்தான் சொன்னான். "சொறி ப்ரோ. யூ நோ ஹவ் இற் இஸ்." எனக்குத் தெரிந்திருந்தது. எங்களைத் தெருவில் விடாமல் காப்பதற்காகத்தான் அன்றைக்கு அந்தத் திரைச்சீலை மூடப்பட்டது. இப்போது ஒருவரும் சப்பாத்தோடு வராமலே நாங்கள் பெட்டி கட்டினோம்.

அந்தக் கிழமையில்தான் கிழக்கே ஏரியோரத்து ஊர் ஒன்றிலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். வழக்கமான கேள்வி வந்தது: தீயணைப்புக்கும் போட்டிருக்கிறாயா?

இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார்கள். முதன்முறையாக உண்மையான பதிலைச் சொன்னேன். எங்கள் தெருவில் சிவப்பு வண்டியைக் கண்டால் கதவைப் பூட்டிக்கொள்ளுகிற வீடுகள் இருக்கின்றன, அந்தக் கதவுகளுக்கு உள்ளே போகக்கூடிய ஆளாக இருக்க விரும்புகிறேன் என்று. மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் எதையும் குறிக்கவில்லை. பகுதிநேர வேலைதான், கூப்பிடும்போது போக வேண்டும். கிடைத்தது. உண்மையான அம்புலன்ஸ், விளக்குகளோடு. அப்பா ஃபோனில் யாரிடமோ, "மகனுக்கு வேலை கிடைச்சிட்டுது. இல்லை, நெருப்பில்லை. மற்றது" என்று சொன்னார்.

வெக்ஸ்போர்டில் ஒரு அப்பார்ட்மென்ற் எடுத்தோம். எட்டாம் மாடி. எங்கே இருக்கிறோம் என்பதை யாருக்கும் மறைக்கத் தேவையில்லாத முதல் வீடு. ஆனால் அம்மா சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. கதவு தட்டப்பட்டால் இப்போதும் அம்மா அசையாமல் நின்று என்னைப் பார்ப்பார்.

கடைசிப் பெட்டியை ஏற்றிய அன்று எதிர்வீட்டுப் பெண் வேலியோரம் வந்து அங்கிளை விசாரித்தார். அந்தப் புதன்கிழமை அவர் யன்னலடியில் இருந்து பார்த்தவர். நான் கேட்க வேண்டுமென்று நினைக்கவில்லை, வாய் கேட்டுவிட்டது.

"அண்டைக்கு நெருப்பு வண்டியும் வந்ததோ?"

"இல்லையே தம்பி. அம்புலன்ஸ் மட்டும்தான். சைரன்கூடப் போடாமல் வந்து நிண்டது. அவை ஏத்திக்கொண்டு போனபிறகுதான் எனக்கே விளங்கினது."

அம்மாவிடம் கேட்டேன். "ஓம், அவை ரெண்டு பேர்தான்" என்றார். அந்த இருவரும் வாசலில் நுழைந்து, சோபா வரை போய், அங்கிளை இருத்திக்கொண்டு திரும்பிவிட்டார்கள். பேஸ்மென்ற் கதவு அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் திறந்தேதான் கிடந்ததாம். அம்மா மூட மறந்துவிட்டாராம். யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பேஸ்மென்ற் கதவின் திறப்பைக் கொடுக்க மேலே ஏறினோம். அன்ரி திறப்பை வாங்கிக்கொண்டு, மேசையில் கிடந்த ஒரு கடித உறையை அம்மாவிடம் நீட்டினார். "இந்தா. உன்ர மகன்ர ஆக்கள் அனுப்பியிருக்கினம்."

அம்மா அதை என்னிடம் தந்தார். வழக்கம்போல் நான்தான் வாசித்தேன். அம்புலன்சுக்கான கட்டணம். மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதி உள்ள எல்லாருக்கும் வருகிறது, வீடு எது, தெரு எது, யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்றெல்லாம் அது கேட்பதில்லை.

"எவ்வளவு?" என்று கேட்டார் அம்மா.

சொன்னேன். அம்மா கைப்பையைத் திறந்து, இரண்டு இருபதையும் ஒரு ஐந்தையும் எடுத்து, சம்பல் கிண்ணம் திரும்பி வராமல் கிடந்த அந்த மேசையில் வைத்தார். அன்ரி வேண்டாமென்று சொல்லவில்லை. உள்ளறையிலிருந்து, யாரும் ஒன்றும் கேட்காமலே, "ஓம்" என்று ஒரு குரல் கேட்டது.

நாற்பத்தைந்து டொலர்.